கண்ணாடிக்குள் காமாட்சி விளக்கு

கே.கே. நகரில் என் வீட்டுக் கூடத்துச் சுவரில் ஒரு சிறு கண்ணாடித் தகடு மாட்டியிருக்கிறது. அகலம் 10 செ.மீ.; உயரம் 12 செ.மீ.க்குச் சற்று மேல். பகலில் பார்ப்பவர்கள், "இது என்ன, ரசம் போன கண்ணாடியா?" என்று கேட்பார்கள். வெறும் கறுப்பாகத்தான் இருக்கும்.

ஒரு மாலை, அடுத்த தெருவில் வசிக்கும் பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் வந்திருந்தான். கூடத்து விளக்கை அணைத்துவிட்டு, ஒரு சிறு டார்ச் விளக்கின் ஒளியை மேலிருந்து சாய்வாக அத்தகட்டின்மீது விழச் செய்தேன். உடனே கண்ணாடிக்கு அப்பால், சுவருக்குள் குடைந்த மாடத்தில் வைத்ததுபோல, ஒரு பித்தளைக் காமாட்சி விளக்கு நின்றது! தலையை இடப்புறம் நகர்த்தினால் விளக்கின் இடப்பக்கம் தெரிந்தது. எழும்பிப் பார்த்தால் எண்ணெய்க் குழிக்குள் எட்டிப் பார்க்க முடிந்தது. மாணவன் தகட்டை மெல்லத் தூக்கிப் பின்னால் விரலை விட்டுத் தடவினான். அங்கே சுவர்தான் இருந்தது.

"சார், என் கைடு புத்தகத்தின் மேல் பளபளவென்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதே, அதுவும் இதுவும் ஒன்றுதானே?" என்று கேட்டான்.

நல்ல கேள்வி. இரண்டுக்கும் பெயர் ஒன்றே: ஹோலோகிராம். ஆனால் ஒன்று ஆலையில் இலட்சக்கணக்கில் அச்சாவது. மற்றொன்று ஒரு நேரத்தில் ஒரு தகடாகக் கையால் செய்யப்படுவது. இவ்விரண்டாம் வகையைத்தான் உலகின் அருங்காட்சியகங்களும் கலைப்பொருள் சேகரிப்போரும் போற்றி வைத்திருக்கின்றனர். அது எவ்வாறு உண்டாகிறது, அதைச் செய்வது ஏன் அத்தனை கடினம் என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

புகைப்படம் எதை விட்டுவிடுகிறது?

மயிலாப்பூர்த் தெப்பக்குளம் அசைவற்றிருக்கும் ஒரு விடியற்காலையில், அதில் ஒரு கல்லை எறிகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வட்ட அலைகள் விரிந்து கரைக்கு வந்து சேர்கின்றன. படிக்கட்டில் உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு அலைகளைப் பற்றி இரண்டு செய்திகள் கிடைக்கும். ஒன்று, அலை எவ்வளவு உயரம் எழும்புகிறது, இது வீச்சு. மற்றொன்று, எந்தக் கணத்தில் முகடு வருகிறது, எந்தக் கணத்தில் பள்ளம் வருகிறது, இது கட்டம். கரை நெடுகிலும் பலர் அமர்ந்து இவ்விரண்டையும் குறித்துக்கொண்டால், கல் விழுந்த இடத்தை அந்தக் குறிப்புகளிலிருந்தே கண்டுபிடித்துவிடலாம். கட்டத்தைக் குறிக்காமல் உயரத்தை மட்டும் குறித்தால் அது இயலாது.

ஒளியும் அலையே. பொருளின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் அலைகள் புறப்பட்டு நம் கண்ணை அடைகின்றன. பொருள் எவ்வளவு தொலைவில், எந்தத் திசையில் உள்ளது என்னும் செய்தி, பெரும்பாலும் அவ்வலைகளின் கட்டத்தில்தான் அடங்கியுள்ளது. ஆனால் சிவப்பு ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 474 இலட்சம் கோடி தடவை அதிர்கிறது. எந்தப் பிலிமும், எந்தக் கைபேசிக் காமிராவும் அத்தனை விரைவான ஏற்ற இறக்கத்தைத் தொடர்ந்து பதிய இயலாது. ஒளியின் சராசரிச் செறிவை மட்டுமே அவை பதிகின்றன. கட்டம் தொலைந்துபோகிறது. அதனால்தான் புகைப்படம் தட்டையாக இருக்கிறது. எந்தப் பக்கம் சாய்ந்து பார்த்தாலும் ஒரே முகத்தையே காட்டுகிறது.

காபரின் வழி

தொலைந்துபோகும் கட்டத்தைப் பிடித்து வைக்க முடியுமா? ஹங்கேரியில் பிறந்து இங்கிலாந்தில் பணிபுரிந்த டென்னிஸ் காபர் 1947-ல் இதற்கு வழி கண்டார். அப்போது அவர் முப்பரிமாணப் படங்களைப் பற்றிச் சிந்திக்கவில்லை; எலெக்ட்ரான் நுண்ணோக்கியின் தெளிவைக் கூட்டவே முயன்றார்.

அவருடைய எண்ணம் எளிமையானது. குளத்தில் ஒரு கல்லுக்குப் பதில் இரண்டு கற்களை எறிந்தால் என்ன ஆகும்? இரு அலைகளின் முகடுகளும் சேருமிடத்தில் நீர் அதிகம் எழும்பும். ஒன்றின் முகடும் மற்றொன்றின் பள்ளமும் சேருமிடத்தில் நீர் அசையாமல் நிற்கும். இதுவே குறுக்கீட்டு விளைவு. இந்தக் கோலம் இடம் பெயராமல் நிற்பதால் அதைப் படம் பிடிக்க முடியும். ஆகவே, பொருளிலிருந்து வரும் அலையோடு, நமக்கு நன்கு தெரிந்த மற்றோர் அலையைக் கலந்துவிட்டால், கட்ட வேறுபாடுகள் வெளிச்ச வரிகளாகவும் இருட்டு வரிகளாகவும் மாறிவிடும். அவ்வரிகளைப் பதிந்து, பின்னர் அதே தெரிந்த ஒளியை அவற்றின்மீது செலுத்தினால், பொருளிலிருந்து வந்த அலையே திரும்பப் பிறக்கும். கிரேக்கத்தில் 'ஹோலோஸ்' என்றால் 'முழுமை'. முழுச் செய்தியையும் பதிவதால் இதற்கு ஹோலோகிராம் என்று பெயரிட்டார் காபர். 1971-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இடையில் இருபத்து நான்கு ஆண்டுகள் கழிந்ததற்குக் காரணம் உண்டு. குறுக்கீட்டுக் கோலம் நிலைத்து நிற்க வேண்டுமாயின், இரு ஒளியலைகளும் அடி பிறழாமல் ஒத்து நடக்க வேண்டும். காபரிடம் இருந்தது பாதரச விளக்கு மட்டுமே. 1960-ல் லேசர் வந்த பிறகுதான் கதவு திறந்தது. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எம்மெட் லீத், ஜூரிஸ் உபாட்நீக்ஸ் இருவரும் 1964-ல் ஒரு பொம்மை ரயிலின் ஹோலோகிராமைக் காட்டியபோது, அதைப் பார்க்க விஞ்ஞானிகள் வரிசையில் நின்றனர். ஆனால் அந்த ஹோலோகிராமைப் பார்ப்பதற்கும் லேசர் வேண்டியிருந்தது.

டார்ச் ஒளியில் தெரிவது எப்படி?

என் வீட்டுத் தகட்டைப் பார்க்க லேசர் தேவையில்லை. இவ்வகைத் தகட்டின் தந்தை, லெனின்கிராடில் பணியாற்றிய யூரி டெனிஸ்யுக் என்னும் சோவியத் விஞ்ஞானி. அவர் தம் முறையை 1962-ல் வெளியிட்டார். அதன் அமைப்பு வியப்பூட்டுமளவு எளியது. லேசர் ஒளியை ஒரு லென்சால் விரித்துக் கண்ணாடித் தகட்டின்மீது விழச் செய்கிறோம். தகட்டின் ஒரு முகத்தில், ஜெலாட்டினில் வெள்ளி உப்பின் நுண்துகள்கள் கலந்த பூச்சு இருக்கும். ஒளி பூச்சைத் தாண்டிச் சென்று, தகட்டை ஒட்டினாற்போல் பின்னால் நிற்கும் பொருளின்மீது பட்டு, திரும்பி வந்து மறுபடி பூச்சுக்குள் நுழைகிறது. போகும் அலையும் வரும் அலையும் எதிரெதிராகப் பூச்சுக்குள்ளேயே சந்திக்கின்றன. தந்தியில் உண்டாகும் நிலையலைகளைப் பாடத்தில் படித்திருப்பீர்கள். அதைப்போல இங்கும் வெளிச்ச அடுக்குகளும் இருட்டு அடுக்குகளும் ஒன்றின்மேல் ஒன்றாக உண்டாகின்றன.

அடுக்குகளுக்கிடையே எவ்வளவு தூரம்? கணக்கிடுவோம். ஹீலியம்-நியான் லேசரின் அலைநீளம் 633 நானோமீட்டர். (ஒரு மில்லிமீட்டரில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர்.) பூச்சின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.6. அடுக்குகளின் இடைவெளி = 633 ÷ (2 × 1.6) = ஏறத்தாழ 200 நானோமீட்டர். பூச்சின் தடிப்பு 7 மைக்ரான், அதாவது 7,000 நானோமீட்டர் என்றால், அந்த மெல்லிய படலத்துக்குள் 35 அடுக்குகள் அடங்கியிருக்கின்றன!

இப்படிப்பட்ட அடுக்குகளை நீங்கள் முன்பே பார்த்திருக்கிறீர்கள். மெரீனாவில் பொறுக்கிய சிப்பியின் உட்புறம் வானவில்போல் மின்னுகிறதல்லவா? அங்கும் மெல்லிய அடுக்குகள்தாம் ஒளியில் சில நிறங்களை மட்டும் வலுவாகத் திருப்பியனுப்புகின்றன. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சர் சி.வி. ராமன், பிற்காலத்தில் பெங்களூரில் சிப்பிகளின் இந்நிறங்களை விரிவாக ஆராய்ந்து 1930-களில் கட்டுரைகள் வெளியிட்டார். அதற்கும் முன்னதாக, 1891-ல், பிரெஞ்சு விஞ்ஞானி காப்ரியேல் லிப்மன் இதே விளைவைக் கொண்டு நிறப் புகைப்படம் எடுத்தார். 1908-ல் நோபல் பரிசு பெற்றார். லிப்மனின் அடுக்குகளையும் காபரின் எண்ணத்தையும் ஒன்று சேர்த்தவர் டெனிஸ்யுக்.

டார்ச்சின் வெள்ளொளியில் எல்லா நிறங்களும் கலந்திருக்கின்றன. அடுக்குகள் தம் இடைவெளிக்குப் பொருந்தும் ஒரு நிறத்தை மட்டும் பொறுக்கியெடுத்துத் திருப்பியனுப்புகின்றன. நேர்த்தட்டையான அடுக்குகளாயின் அது வெறும் நிறக் கண்ணாடியாக இருந்திருக்கும். ஆனால் இவ்வடுக்குகள் விளக்கிலிருந்து வந்த அலைகளுக்கேற்ப நுட்பமாக வளைந்து நெளிந்துள்ளன. எனவே திரும்பும் ஒளியும் அதே விளக்கிலிருந்து வருவதுபோலவே வருகிறது. கண் ஏமாறுகிறது என்று சொல்வதுகூடச் சரியல்ல. விளக்கிலிருந்து வந்த ஒளி எப்படி வந்ததோ, அப்படியே இன்றும் வருகிறது. விளக்கு மட்டும் அங்கே இல்லை!

ஆறு தகடுகளின் கதை

முறை எளியது என்றேன். செய்வது எளியதன்று. சில ஆண்டுகளுக்கு முன் நானும் என் கல்லூரி மாணவர்கள் நால்வரும் இதைச் செய்து பார்க்க முனைந்தோம். எங்களிடம் இருந்தவை ஆறே தகடுகள். அவை தீர்ந்தால் மறுபடி வாங்கப் பணமும் இல்லை. எளிதில் கிடைக்கவும் கிடைக்காது.

முதலில் ஒளிபடும் நேரத்தைக் கணக்கிட்டோம். எங்கள் லேசரின் திறன் 5 மில்லிவாட். அதை ஏறத்தாழ 200 சதுர செ.மீ. பரப்பில் விரித்தோம். சதுர செ.மீ. ஒன்றுக்குக் கிடைப்பது 0.025 மில்லிவாட். தகட்டுக்குத் தேவைப்படுவது சதுர செ.மீ.க்கு 1.5 மில்லிஜூல். ஆகவே நேரம் = 1.5 ÷ 0.025 = 60 விநாடி.

ஒரு நிமிடம்தானே என்று நினைக்கத் தோன்றும். அந்த ஒரு நிமிடம் தகடும் விளக்கும் எவ்வளவு அசையலாம்? விளக்கு தகட்டை விட்டு அலைநீளத்தில் நாலிலொரு பங்கு, அதாவது 158 நானோமீட்டர், விலகினால் போதும். ஒளி போய்த் திரும்புவதால் பாதை அரை அலைநீளம் கூடிவிடும். வெளிச்ச அடுக்கு இருந்த இடத்தில் இருட்டு அடுக்கு வந்துவிடும். இரண்டும் கலந்து ஒன்றுமில்லாமல் போகும். தலைமயிரின் தடிப்பு ஏறத்தாழ 70 மைக்ரான் என்று கொண்டால், அதில் 400-ல் ஒரு பங்கு அசைவுகூடப் படத்தை அழித்துவிடும் என்பது விளங்கும்.

அதிர்வைத் தடுக்க, பாதி காற்றடைத்த பழைய ஸ்கூட்டர் டியூப்களைத் தரையில் வைத்து, அவற்றின்மேல் கனத்த கடப்பைக் கல் பலகையை ஏற்றினோம். அதன்மீது லேசரும் லென்சும் தகடும் காமாட்சி விளக்கும். ஷட்டருக்குப் பதில் ஒரு கறுப்பு அட்டை.

முதல் தகட்டை மாலை ஏழு மணிக்கு எடுத்தோம். ஒன்றுமே பதியவில்லை. வெளியே சாலையில் பேருந்துகள் ஓடிக்கொண்டிருந்தன. டியூப்கள் தாங்கும் என்று நம்பியது தவறு. அடுத்த நாள் முதல் இரவு பதினோரு மணிக்குமேல்தான் வேலை என்று முடிவு செய்தோம்.

இரண்டாவது தகட்டில் விளக்கு தெரிந்தது. ஆனால் அதன் குறுக்கே கறுப்புப் பட்டைகள் ஓடின. தகட்டை ஒரே ஒரு கிளிப்பில் நிறுத்தியிருந்தோம். கண்ணுக்குத் தெரியாமல் அது மெல்லச் சாய்ந்துகொண்டே இருந்திருக்கிறது.

மூன்றாவது தகடுதான் எங்களுக்குப் பெரிய பாடம் புகட்டியது. விளக்கை நிறுத்திய கல் மேடை அழகாகப் பதிந்திருந்தது. விளக்கு இருக்க வேண்டிய இடத்தில் மட்டும், விளக்கின் வடிவிலேயே, ஒரு கறுப்புப் பொந்து! மேடை அசையவில்லை, விளக்கு அசைந்திருக்கிறது. யாரும் தொடவில்லையே! வெகுநேரம் யோசித்த பின் ஒரு மாணவி சொன்னாள்: "சார், கடைசி நேரத்தில் விளக்கைப் புளி போட்டுத் துலக்கி, கையில் பிடித்துத் துடைத்துத் துடைத்து வைத்தது நான்தான்." உடனே கணக்குப் போட்டோம். பித்தளையின் நீள விரிவெண் டிகிரி செல்சியசுக்கு 0.000019. விளக்கின் உயரம் 10 செ.மீ. கை வெப்பத்தால் ஏறிய சூடு தணியும்போது, வெப்பநிலை 0.1 டிகிரி மாறினாலே நீள மாற்றம் 190 நானோமீட்டர்! நாங்கள் தாங்கக்கூடிய 158-ஐவிட அது அதிகம். பளபளவென்று துலக்கிய கைகளின் சூடே விளக்கை மறைத்துவிட்டது.

நான்காவது தகட்டைக் கெடுத்தவன் நான். சிவப்பொளிக்கு உணர்வுள்ள தகடாகையால் மங்கிய பச்சை விளக்கில் கையாளலாம். ஆனால் தகட்டைப் பெட்டியிலிருந்து எடுத்த நேரம் பார்த்து, என் சட்டைப் பையில் கைபேசி ஒளிர்ந்தது. தகடு முழுவதும் புகை படிந்ததுபோல் ஆயிற்று. மாணவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாள் முதல் வாசலில் ஒரு தட்டு வைத்து, எல்லாக் கைபேசிகளையும் அதில் போட்டுவிட்டு உள்ளே வந்தோம்.

ஐந்தாவது தகட்டை எல்லாம் சரியாகச் செய்து உருத்துலக்கி, வெளுத்து, கழுவினோம். டார்ச் அடித்துப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. "இதுவும் போயிற்று" என்ற ஆத்திரத்தில், சீக்கிரம் உலரட்டும் என்று தலைமயிர் உலர்த்தும் சாதனத்தை எடுத்துச் சுடுகாற்றை அடித்தோம். ஈர ஜெலாட்டின் இளகி வழிந்துவிட்டது. காலையில் பார்த்தால், ஒரு மூலையில் தபால் தலையளவு பூச்சு மட்டும் மீந்திருந்தது. அதற்குள் விளக்கு இருந்தது! தகடு தோற்கவில்லை. ஈரத்தில் ஜெலாட்டின் பருத்திருந்ததால் அடுக்குகளின் இடைவெளி கூடி, அவை திருப்பியனுப்பிய அலைநீளம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக்குப் போயிருந்தது. அவ்வளவுதான். உலரும்வரை பொறுத்திருந்தால் போதுமாயிருந்தது.

மீதி ஒரே தகடு. இம்முறை மாலையிலேயே விளக்கைத் துணியால் பிடித்து மேடையில் வைத்து, அடியில் அசையாமல் ஒட்டிவிட்டு, மின்விசிறியை நிறுத்தி, அறையைப் பூட்டிக்கொண்டு வெளியேறினோம். நள்ளிரவில் ஒருவர் மட்டும் உள்ளே சென்று, பச்சை விளக்கில் தகட்டை மூன்று புள்ளிகளில் தாங்கலாகப் பொருத்தி, கதிரை அட்டையால் மறைத்தபடி கால் மணி நேரம் சுவரோரமாக நின்றிருந்தார். பிறகு மேசையைத் தொடாமல் அட்டையை விலக்கி அறுபதுவரை மனத்துக்குள் எண்ணினார். உருத்துலக்கிய தகட்டைச் சுவரில் சாய்த்துவிட்டு, யாரும் அதன் பக்கம் போகவில்லை. விடியற்காலை ஐந்து மணி சுமாருக்கு டார்ச் அடித்தபோது மங்கிய சிவப்பில் ஏதோ தெரிந்தது. தகடு உலர உலர அது ஆரஞ்சாகி, மஞ்சளாகி, ஏழு மணிக்கு மஞ்சள் கலந்த பச்சை விளக்காக நின்றது. அத்தகடே என் சுவரில் இருப்பது.

சிவப்பு லேசரில் எடுத்தது பச்சையானது ஏன்? உருத்துலக்கும்போது பூச்சிலிருந்து சில பொருள்கள் கரைந்து போவதால், உலர்ந்தபின் அது முன்னிருந்ததைவிட மெலிகிறது. நூற்றுக்குப் பத்துப் பங்கு சுருங்கினால் 633 என்பது 570 நானோமீட்டராகும். இக்குறையையே கலைஞர்கள் கருவியாக்கிக்கொண்டனர். பூச்சை வேண்டுமளவு முன்னதாகவே பருக்கவைத்து எடுத்தால், ஒரே சிவப்பு லேசரைக் கொண்டு பல நிறங்களைப் பெறலாம். பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் பணியாற்றிப் பின்னர் ஆஸ்திரேலியாவின் சிட்னிக்குச் சென்ற பி. ஹரிஹரன் இத்தகைய முறைகளை ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர். 1984-ல் வெளியான அவருடைய 'ஆப்டிகல் ஹோலோகிராபி' உலகெங்கும் பாடநூலாக விளங்கிற்று.

தொல்லையே கருவி

எங்களைப் பாடாய்ப்படுத்திய இந்த நுண்ணுணர்வு பொறியியலாளருக்கு வரப்பிரசாதம். ஒரு பொருளின்மீது சுமை ஏற்றுவதற்கு முன்பும் பின்பும் ஒரே தகட்டில் இரண்டு பதிவுகள் எடுத்தால், பொருள் எங்கெங்கே எவ்வளவு வளைந்தது என்பதைப் பிம்பத்தின்மேல் ஓடும் கறுப்பு வரிகளே காட்டிவிடும். வரிகளை எண்ணினால் வளைவு நானோமீட்டர் கணக்கில் கிடைக்கும். எங்கள் இரண்டாவது தகட்டின் பட்டைகளும் இத்தகையனவே. நாங்கள்தாம் அவற்றைக் குறை என்று எண்ணினோம்! கே.கே. நகரிலிருந்து சிறிது தூரத்தில் உள்ள சென்னை ஐ.ஐ.டி.யில், பேராசிரியர் ராஜ்பால் சிரோஹியும் அவர்தம் குழுவினரும் 1970-களிலிருந்து பல ஆண்டுகள் இத்துறையில் ஆராய்ச்சி செய்தனர்.

கலைக்கூடத்தில் ஹோலோகிராம்

ஓவியர்கள் இதை விரைவிலேயே கண்டுகொண்டனர். பிரிட்டிஷ் ஓவியர் மார்கரெட் பென்யன் 1968-ல் ஹோலோகிராம்கள் செய்யத் தொடங்கி, அடுத்த ஆண்டே நாட்டிங்ஹாமில் காட்சிக்கு வைத்தார். புகழ்பெற்ற ஓவியர் சால்வதோர் தாலி 1972-ல் நியூயார்க்கில் தம் ஹோலோகிராம்களைக் காட்டினார். 1976-ல் அந்நகரில் ஹோலோகிராம்களுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. 1992-ல் அது மூடப்பட, அதன் சேகரிப்பு மறு ஆண்டில் எம்.ஐ.டி. அருங்காட்சியகத்துக்குச் சென்றது. சிற்பி லூயீஸ் பூர்ஷ்வா 1998-ல் சிறு கட்டில், நாற்காலி முதலியவற்றைக் கொண்டு எட்டுச் சிவப்பு ஹோலோகிராம்களை உருவாக்கினார். 2024-ல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் கெட்டி அருங்காட்சியகம் இக்காலக் கலைஞர்களின் ஹோலோகிராம்களைத் தனிக் கண்காட்சியாக வைத்தது.

சோவியத் நாட்டிலோ வேறொரு பயன் கண்டனர். வெளியூருக்கு எடுத்துச் செல்ல முடியாத பழம்பெரும் பொன் அணிகளையும் கலைப்பொருள்களையும் டெனிஸ்யுக் முறையில் கண்ணாடியில் பதிந்து, அத்தகடுகளைக் கண்காட்சிகளுக்கு அனுப்பினர். சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று லேசர்களைச் சேர்த்துப் பயன்படுத்தி, பொருளின் இயற்கை நிறத்தையே பதியும் முறையும் இன்று உண்டு. நம் கோயில் செப்புத் திருமேனிகளை எண்ணிப் பாருங்கள். அவற்றில் பல, களவுக்கு அஞ்சிக் காப்பகங்களில் பூட்டப்பட்டுள்ளன. அவற்றின் ஒளியையாவது ஊராருக்குக் காட்ட இது ஒரு வழியல்லவா?

இனி அந்த மாணவனின் கேள்விக்கு வருவோம். ஸ்டிக்கர் ஹோலோகிராமில், குறுக்கீட்டு வரிகளை ஒரு உலோக அச்சில் மேடுபள்ளங்களாக்கி, அதைப் பிளாஸ்டிக்கில் அழுத்தி, பின்னால் அலுமினியம் பூசுகின்றனர். 1984 மார்ச்சில் 'நேஷனல் ஜியாகிராபிக்' இதழ் தன் அட்டையில் இத்தகைய கழுகுப் படத்தை ஒட்டி இலட்சக்கணக்கான வாசகர்களுக்கு அனுப்பியது. விலை மலிவு, போலியைக் கண்டறிய உதவும். ஆனால் பெரும்பாலானவற்றில் இடவலமாக நகர்ந்தால் மட்டுமே காட்சி மாறும். மேல்கீழாக நகர்ந்தால் நிறந்தான் வானவில்போல் மாறும். கண்ணாடித் தகட்டிலோ எப்பக்கம் நகர்ந்தாலும் புதிய பக்கம் தெரியும். இரண்டையும் பிரித்தறிய இதுவே எளிய சோதனை.

மற்றொன்றையும் சொல்ல வேண்டும். இவ்வகைத் தகடுகளைச் செய்வோர் குறைந்து வருகின்றனர். அக்ஃபா, இல்ஃபோர்டு ஆகிய பெரிய நிறுவனங்கள் 1990-களில் இதற்கான தகடுகள் செய்வதைக் கைவிட்டன. பின்னர் ரஷ்யத் தகடுகளும், தாமே பூச்சுக் கலந்து தகடு செய்துகொள்ளும் சில வல்லுநர்களுந்தான் கை கொடுத்தனர். எனவே முன்பு செய்த தகடுகளைக் காப்பது முக்கியமாகிறது. ஜெலாட்டின் ஈரத்தை உறிஞ்சும். நம் ஊர்ப் புழுக்கத்தில் பூஞ்சையும் பிடிக்கும். ஆகவே பூச்சின்மேல் இன்னொரு கண்ணாடியை வைத்து ஓரங்களை அடைத்துவிட வேண்டும். பின்புறம் கறுப்பு வண்ணம் பூசினால் பிம்பம் எடுப்பாகத் தெரியும்.

தகடு உடைந்தால் என்ன ஆகும்? "ஒவ்வொரு துண்டிலும் முழுப்படமும் இருக்கும்" என்று புத்தகங்களில் படித்திருப்பீர்கள். அதைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஹோலோகிராம் ஒரு ஜன்னல் போன்றது. ஜன்னலை அடைத்து ஒரு சிறு துவாரம் மட்டும் விட்டால், அத்துவாரத்தின் வழியே கண்ணை நகர்த்தி நகர்த்தி வெளியே பார்க்கலாம். ஆனால் பல கோணங்களிலிருந்து பார்க்கும் வசதி போய்விடும். எங்கள் ஐந்தாவது தகட்டின் தபால் தலையளவு மூலையில் நிகழ்ந்ததும் இதுவே. தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தால் விளக்கின் முகம், தண்டு, அடித்தட்டு என்று ஒவ்வொன்றாகத் தெரிகிறது. அந்த மூலையையும் நான் எறியவில்லை. துலக்கிய மாணவி அதை வாங்கிச் சென்றாள்.

செய்து பாருங்கள்

தெளிவான அக்ரிலிக் தகடு ஒன்று, அல்லது பழைய சி.டி. பெட்டியின் மூடி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தாளில் 'ட' என்னும் எழுத்தை 2 செ.மீ. உயரத்தில் எழுதி, தகட்டின் கீழ்ப்பாதிக்கு அடியில் ஒட்டுங்கள். ஜியோமிதிப் பெட்டியில் இரு முனையும் ஊசியாக உள்ள டிவைடரை 5 செ.மீ. அகலத்துக்கு விரியுங்கள். ஒரு முனையை எழுத்தின் ஒரு புள்ளியில் ஊன்றி, மறுமுனையால் மேல்பாதியில் ஒரு வில்லை மிக இலேசாகக் கீறுங்கள். அழுத்தி உழுதுவிடக் கூடாது. எழுத்தின் நெடுகிலும் 3 மி.மீ.க்கு ஒரு புள்ளியாக இவ்வாறே செய்யுங்கள். பின்னர்த் தாளை அகற்றி, அடியில் கறுப்புத் தாளை வைத்து வெயிலில் சாய்த்துப் பாருங்கள். எழுத்து தகட்டின் தளத்தை விட்டு விலகி நிற்பதுபோல் தெரியும். தகட்டை 180 பாகை திருப்பிப் பாருங்கள். ஆழம் எப்படி மாறுகிறது? இதில் குறுக்கீட்டு விளைவு இல்லை. ஆகவே இது உண்மையான ஹோலோகிராம் அன்று. ஆனால் ஒவ்வொரு கீறலின் மினுக்கமும் இரு கண்களுக்கும் வெவ்வேறு இடத்தில் தெரிவதால் ஆழம் உண்டாகிறது. (வெயிலில் செய்யும்போது சூரியனை நேராகப் பார்க்க வேண்டாம். லேசர் பேனாவையும் எவர் கண்ணிலும் அடிக்க வேண்டாம்.)

சிந்திக்கச் சில வினாக்கள்

1. 532 நானோமீட்டர் அலைநீளமுள்ள பச்சை லேசரைப் பயன்படுத்தினால், அடுக்குகளின் இடைவெளி என்ன? தாங்கக்கூடிய அசைவு சிவப்பு லேசரைவிடக் கூடுமா, குறையுமா?

2. பித்தளை விளக்குக்குப் பதில் அதே உயரமுள்ள கருங்கல் பிள்ளையாரை வைத்தால் என்ன? கருங்கல்லின் நீள விரிவெண் 0.000008 என்று கொண்டு, 0.1 டிகிரி மாற்றத்துக்குக் கணக்கிடுக. எது எளிதில் பதியும்?

3. ஒரே டார்ச்சின் ஒளியில் தெளிவாகத் தெரியும் பிம்பம், நீண்ட டியூப் லைட்டின் ஒளியில் மங்கலாகத் தெரிவது ஏன்?